ஒரு வாய் குளுக்கோஸ்

இல்லீங்க, என்ற பூனை இல்லீங்க. என்ற சம்சாரத்தோடது. அவ பொறந்த ஊட்டுல ஒரு சீரு, அந்தியூர்ப் பக்கம் போயிருக்கறா. ஊட்டுல வேற ஆள் கெடையாது. அதனால நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிப்போச்சு. அவ்வளவுதானுங்க.

நீங்க உக்காருங்க. நாய் பக்கத்துல இருந்தா எனக்கொண்ணும் பயமில்ல. காதுல புண்ணுங்களா? சொரிஞ்சு சொரிஞ்சு பெருசாக்கிப் போடுமுங்க. நல்ல நாயா இருக்குது, சத்தமே காணோம்.

எங்களுது உள்ள படுத்திருக்குது. அந்தக் கதவு வழியாப் பாத்தா மேசை தெரியுது பாருங்க, பச்சைத் துணி விரிச்சு. அதுமேல கறுப்பும் வெள்ளையுமா ஈரத்துணியாட்டக் கெடக்குதே, அதுதான். ட்ரிப்ஸ் ஏறிட்டிருக்குது. சக்கரை ஒரேயடியா எறங்கிப் போச்சுங்க.

ஆமாங்க, பூனைக்குத்தான். பூனைக்குச் சக்கரை வியாதி. சிரிங்க, பரவால்ல. எல்லாருமே சிரிக்கத்தான் செய்வாங்க. மெடிக்கல்ல இன்சுலின் வாங்கறப்ப "யாருக்குங்க?"ன்னு கேட்டா நான் "ஊட்டுல"ன்னு சொல்லிப்போடுவேன். அவன் என்ற சம்சாரத்துக்குன்னு நெனச்சுக்குவான். நெனச்சுக்கட்டுமே, நமக்கென்ன? ஒருநா அவளே தலைவலி மாத்திரை வாங்கப் போயிருக்கறா. "அக்கா, சக்கரை இப்ப எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டிருக்கறான். இவ, "எனக்கென்ன கேடு, நான் கல்லாட்ட இருக்கறேன், அது பூனைக்கு"ன்னு கடைக்கே கேக்கற மாதிரிச் சொல்லிப்போட்டு வந்துட்டா. சாந்தாமணிக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க, வெக்கப்படற பொறப்பே கெடையாது. நான் அன்னைலிருந்து வேற கடைக்குப் போறேன்.

ஏனுங்க, அங்க வெளிய வேப்பமரத்துக்கு அடியில ஒரு அம்மா நிக்கறாங்களா? நீலச் சேலை, கழுத்துல பைனாகுலர். நிக்கறாங்களா? அய்யோ, திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா உள்ள வந்துருவாங்க. அவங்க மூஞ்சியில என்னால முழிக்க முடியாதுங்க. சேலை மடியெல்லாம் ஈரமா இருக்குமே, பூனை எச்சிலும் மூத்திரமும். அதோடயே நிக்கறாங்க. போகச் சொன்னா போக மாட்டேங்கறாங்க.

அவங்களாலதானுங்க இத்தனையும். நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்குக் கணபதி ஏரியாவுல மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. இப்ப மச்சினன் பாத்துக்கறான். தலைமசுராட்ட இருக்கற காப்பர் கம்பியைக் கண்ணாடி போடாம சுத்துனவன் நானு. கண்ணு எனக்கு அப்படிங்க. பட்டறையை உட்டதுக்கப்பறம் காத்தால கொளத்துக் கரையில நடக்கப் போனேன். போனவன் அப்படியே பறவை பாக்க ஆரம்பிச்சுட்டேன். ஞாயித்துக்கெழமையானா ஒரு கோஷ்டி வரும், பைனாகுலரும் தொப்பியுமா. நானும் சேந்துக்கிட்டேன். படிச்சவங்க. ஒரு பல் டாக்டரு, ரெண்டு மூணு ஐ.டி. கம்பெனி ஆளுங்க. எனக்குப் படிப்புக் கெடையாது, ஆனாக் கண்ணு இருக்குதுங்களே. அவங்க புஸ்தகத்தைப் பெரட்டறதுக்குள்ள நான் வாலு நெறம், மூக்கு வளைவு எல்லாம் சொல்லிப்போடுவேன்.

உங்களுக்குப் பறவை பாக்கற பழக்கம் உண்டுங்களா? இல்லையா? ஒருக்காப் போய்ப் பாருங்க. ஐப்பசி மழை ஓஞ்சு கார்த்திகை பொறந்துச்சுன்னா வடக்க இருந்து எறங்கும் பாருங்க! ஊசிவால் வாத்து, உள்ளான், மூக்கன்... மார்கழிப் பனியில தண்ணியே தெரியாது, கொளம் முச்சூடும் சத்தம் மட்டும் கேக்கும். அப்பறம் வெயில் வந்து பனி வெலக வெலக ஒண்ணொண்ணாத் தெரியும். நீலச்சிறகின்னு ஒரு வாத்து. கண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு கோடு போட்டிருக்கும். கோஷ்டியில சேந்த மொத வாரமே நான் அடையாளம் சொன்னது அதுதான். எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கெல்லாம் யாருங்க கை தட்டியிருக்கறாங்க? கருகிப்போன மோட்டாரை ஓட வெச்சுக் குடுத்தா, எவ்வளவு கொறைப்பீங்கன்னுதான் கேப்பாங்க.

அன்னைக்குத் திரும்பி வர்றப்பத்தான் கரையில இந்தப் பூனைக்குட்டி கெடந்துது. கறுப்பு மூஞ்சி, கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு. சட்டைக்குள்ள போட்டு எடுத்தாந்துட்டேன். நான் எடுத்தாந்தேனே ஒழிய, வளத்துனதெல்லாம் சாந்தாமணிதானுங்க. கோழியை உப்பில்லாம வேக வெச்சு எலும்பெடுத்துப் பிச்சுப் போடறது மட்டும் நான். அவ வேக வெச்சா முத்திப் போயிரும். ராத்திரி என்ற கால்மாட்டுலதான் படுக்கும். அவ தூக்கத்துல ஒதைப்பா, அதுக்காக. ஊசி போடறதும் நான், அவளுக்குக் கை நடுங்கும்னு. நடுங்கி நான் பாத்ததில்ல, நடுங்குமுன்னு நானே முடிவு பண்ணீட்டேன். மத்தபடி அவளோட பூனைதானுங்க.

எங்களுக்குக் கொழந்தை குட்டி இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாதுங்க. கேப்பீங்கன்னு சொன்னேன்.

இப்ப அந்தம்மா கதைக்கு வர்றேன். கௌசல்யா மேடம்னு பேரு. போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கோஷ்டிக்கு அவங்க வெச்சதுதான் சட்டம். தங்கமான மனுசி, நான் இல்லைங்கல. ஆனா வாய் இருக்குதே வாய்! போன வருசம் பனிக்காலம் ஆரம்பத்துல, கரையில ஒரு திருட்டுப்பூனை எங்க கண்ணு முன்னால வாலாட்டிக் குருவி ஒண்ணைக் கவ்வீட்டுப் போச்சுங்க. அந்தம்மா அழுதே போட்டாங்க. "மலை தாண்டி, பாலைவனம் தாண்டி வந்து இதுங்க வாயில சாகோணுமா? பூனை வளத்தறவங்களுக்கெல்லாம் இந்தக் கரையில என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க.

நானா? நானும்தான் சொன்னேன். மத்தவங்களைக் காட்டிலும் சத்தமாச் சொன்னேன். "பூனை வளத்தறவங்களை கோஷ்டியில சேக்கறதில்லைன்னு முடிவு பண்ணீரலாமுங்க மேடம்"னு சொன்னதே நாந்தானுங்க. எதுக்கு அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல. பேன்ட்டுல பூனை மசுரு ஒட்டீட்டு இருந்துது. அதைத் தட்டி உட்டுக்கிட்டே சொன்னேன்.

அந்தம்மா, "அதெல்லாம் வேண்டாங்க, ஏதோ ஆத்தரத்துல பேசிப்போட்டேன்"னாங்க. அப்படிச் சொன்னாலும் மனசுக்குள்ள இருக்கத்தானுங்களே இருக்கும்? அது பின்ன எங்க போகும்?

அந்தச் சமயம் பாத்துத்தான் பூனைக்கு வியாதி வரோணுமா? தண்ணி தண்ணியாக் குடிச்சுது. ஆளு எளைச்சுப் போச்சு. அது மூத்திரம் போற மணல் தட்டுல எறும்பு மொய்ச்சுதுங்க, அதைப் பாத்துத்தான் சாந்தாமணி, "ஏனுங்க, எங்க பெரியப்பனுக்கு வந்த மாதிரியே இருக்குது"ன்னா. எங்க ஊட்டுப் பக்கத்துல ஒரு டாக்டரு, அவர்கிட்டக் காட்டினோம். காத்தால ஒரு ஊசி, பொழுதோட ஒரு ஊசி. "தின்ன பொறகுதான் ஊசி, தின்னலைன்னா ஊசியைத் தொடாதீங்க"ன்னு அத்தனை தடவை சொன்னாரு. மறந்து போட்டு சக்கரை எறங்கிப்போச்சுன்னா தேனோ குளுக்கோஸோ ஈறுல தேய்க்கோணும்னாரு. அடுப்பு மேடையில தேன் பாட்டில் எப்பவும் இருக்குமுங்க. ஊட்டுல.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை, குனிஞ்சு டெலஸ்கோப்ல பாக்கறேன், காத்தால ஊட்டுல ஊசி போட்டுட்டு அவசரத்துல சட்டைப் பாக்கெட்ல வெச்ச சிரிஞ்சு கீழ உழுந்துருச்சு. பல் டாக்டர் எடுத்துக் குடுத்துட்டு, "இன்சுலினுங்களா சார்? சொல்லவே இல்லையே?"ன்னாரு. அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. கௌசல்யா மேடமும் பாக்கறாங்க. நான் தலையை ஆட்டினேன். வாயால ஒரு வார்த்தை சொல்லலீங்க, தலையை ஆட்டினதுதான். அதைப் போயி பொய்யின்னு சொல்ல முடியுங்களா?

ஆட்டினது ஒருக்காத்தான், அவங்க புடிச்சுக்கிட்டாங்க பாருங்க! அன்னைலிருந்து எனக்குச் சக்கரை போடாத டீ. யாரு பொறந்த நாளுக்காச்சும் மைசூர்பாகு வந்தா, டப்பா என்ற பக்கத்துல வர்றப்ப எல்லாரும் மொகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டு அடுத்த ஆளுகிட்டத் தள்ளி உடுவாங்க. மைசூர்பாகுன்னா எனக்கு உசுருங்க. வாசம் மட்டும் புடிப்பேன். கௌசல்யா மேடம் எனக்குன்னு தனியா ஒரு டப்பாவுல மொளைகட்டுன பச்சைப்பயிறு கொண்டாருவாங்க. மொளை பச்சையா, தேங்காய்கூட இல்லாம. "தின்னுங்க, ஒடம்புக்கு நல்லது"ன்னு நின்னு பாப்பாங்க. ரெண்டு பனிக்காலமாப் பச்சைப்பயிறு தின்னுட்டு இருக்கறனுங்க. குருவிகூட அத்தனை தின்னிருக்காது. அதுபோக அவங்க பையில ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டு, எனக்காக. நடக்கறப்ப முன்னால ஓடி ஓடித் திரும்பிப் பாப்பாங்க, நான் வர்றனா உழுந்துட்டனான்னு.

நான் கேட்டனுங்களா? சொல்லுங்க. இதையெல்லாம் நான் கேட்டனா?

நிறுத்தீருக்கலாமுன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. எப்படிங்க நிறுத்தறது? சக்கரை இல்லைன்னா அந்த ஊசி யாருக்குன்னு கேப்பாங்க. பூனைக்குன்னா, பூனையா, நீங்களா, அன்னைக்கு அப்படிப் பேசுனீங்களேம்பாங்க. ஊட்டுலயும் சொல்ல முடியல. சாந்தாமணிக்குத் தெரிஞ்சா நேரா கொளத்துக்கே வந்து சத்தம் போட்டுச் சொல்லிப்போடுவா.

இன்னைக்கு என்னாச்சுன்னா, அவ ஊருக்குப் போயிட்டா. மத்த ஞாயித்துக்கெழமை ஊசி போட்டுட்டுத்தான் கெளம்புவேன்; இன்னைக்குத் தூரங்கறதால ஊசி போடற நேரமும் கோஷ்டி கெளம்பற நேரமும் ஒண்ணாப் போச்சு. சூலூர் தாண்டி ஒரு கொளத்துல வரித்தலை வாத்து எறங்கியிருக்குதுன்னு நேத்தே தகவல். இந்தப் பக்கம் அது வர்றதே அபூர்வமுங்க. இமயமலைக்கு மேல பறந்து வர்ற வாத்து. போகாம இருக்க முடியல. கூடையில பூனையை வெச்சு, பின்சீட்டுல சால்வை போத்தி மூடி, என்ற வண்டியிலயே கெளம்பீட்டேன். வேக வெச்ச கோழி ஒரு டப்பாவுல, மருந்து சின்ன பிளாஸ்க்குல. பல் டாக்டர் என்ற வண்டியில வர்றேன்னாரு. "பிரேக்கு சரியில்லீங்க"ன்னு சொல்லிப்போட்டேன். நல்ல பிரேக்குதானுங்க.

வண்டியைத் தள்ளி ஒரு புளியமரத்துக்கடியில போட்டேன். "ஊசி போட்டுட்டு வந்தர்றேங்க"ன்னேன். "பொறுமையா வாங்க, நாங்க இருக்கறோம்"னாங்க மேடம். கதவைச் சாத்திக்கிட்டு, கோழி டப்பாவைத் தொறந்து வெச்சேன். புது எடம் பாருங்க, மெரண்டு போயி மூலையில ஒட்டிக்கிச்சு. மோந்துகூடப் பாக்கல. "தின்னு கண்ணு, தின்னு"ன்னு கெஞ்சிக்கிட்டே சிரிஞ்சுல மருந்தை ஏத்தறேன். அப்ப வண்டிக் கண்ணாடி வழியா மேல பாத்தேன்.

நாந்தானுங்க மொதல்ல பாத்தேன்! கிழக்க இருந்து, வெயில் முதுகுல பட, சரசரன்னு எறங்குது. தலையில ரெண்டு கறுப்புக் கோடு. அத்தனை தூரத்துல கோடு தெரிஞ்சுது எனக்கு. கரையில நிக்கறவங்களுக்கு மரம் மறைக்குது, அவங்க பாக்கல. இன்னொரு நிமிசம் போனா நாணலுக்குப் பொறகால எறங்கீரும். கையில ஏத்துன ஊசி. போட்டுட்டு வெச்சா பொறவு தின்னுக்கும்னு தோணுச்சு. கழுத்துத் தோலைத் தூக்கினேன், போட்டேன், டப்பாவைக் கூடைக்குள்ள தள்ளினேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன்.

கையைக் காட்டுனதும் அத்தனை டெலஸ்கோப்பும் திரும்பிச்சு. கௌசல்யா மேடம் என்ற கையைப் புடிச்சுக் குலுக்கி, "இந்தக் கண்ணு வேற யாருக்குங்க வரும்?"னாங்க. கண்ணுல தண்ணி நிக்குது அவங்களுக்கு. வாத்து தலையைத் தண்ணியில உட்டு எடுக்குது, ஒதறுது, ஒண்ணுமே நடக்காத மாதிரி புல்லுத் திங்குது. எத்தனை மலை தாண்டி வந்துது!

சந்தோசமா இருந்தனுங்க. அதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்குது. அவ்வளவு சந்தோசமா இருந்தேன். நடுவுல ஒருக்கா நெனப்பு வந்துச்சு, தின்னுச்சோ இல்லையோ, போய்ப் பாத்துட்டு வரலாம்னு எந்திரிச்சேன். அப்பப் பாத்து அது ரெக்கையை விரிச்சுது. உக்காந்துட்டேன். உக்காந்துட்டனுங்க.

வெயில் ஏறி, எல்லாரும் டிபன் டப்பாவைத் தொறந்தப்பறந்தான் வண்டிக்குப் போனேன். கோழி வெச்சது வெச்சபடி இருக்குது. பூனை கூடையில ஒருக்களிச்சுக் கெடக்குது. வாயில நொரை. காலு வெட்டி வெட்டி இழுக்குது. கூப்பிட்டேன், தெரியல. கண்ணு தொறந்திருக்குது, என்னையத்தான் பாக்குது, ஆனா நான் யாருன்னு அதுக்குத் தெரியலீங்க.

சக்கரை எறங்கீருச்சுன்னு ஒடனே தெரிஞ்சு போச்சு. வண்டியில தேன் இல்ல. சுத்திக் கடை கண்ணி இல்ல. அவங்க பையில குளுக்கோஸ் இருக்குது. ஓடினேன். "மேடம், குளுக்கோஸ் குடுங்க, சீக்கிரம்"னேன்.

யாருக்குன்னு அவங்க கேக்கலீங்க. எப்படிக் கேப்பாங்க? "அய்யோ, லோ ஆயிருச்சுங்க இவருக்கு!"ன்னு கத்துனாங்க. பல் டாக்டர் வந்து தோளைப் புடிச்சு உக்கார வெச்சுட்டாரு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. அதெல்லாம் சக்கரைன்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க. "குடுங்க, நான் வண்டியில போயிக் குடிச்சுக்கறேன்"னேன். "ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது"ன்னுட்டாரு. பாக்கெட்டைக் கிழிச்சு டம்ளர்ல கலக்கி, மேடம் ஒரு கையில என்ற பொடனியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில டம்ளரை வாய்ல வெச்சாங்க. கொழந்தைக்குப் பொகட்டற மாதிரி.

அப்பச் சொல்லியிருக்கோணும். எனக்கில்லீங்க, பூனைக்குங்கன்னு ரெண்டு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்துச்சு. சுத்தி அத்தனை மூஞ்சி. அத்தனையும் என்னையப் பாத்து பதறீட்டு இருக்குது. குடிச்சேன். ஒரு டம்ளர் முச்சூடும் குடிச்சேன். "இன்னும் கொஞ்சம்"னாங்க. ரெண்டாவது டம்ளரும் குடிச்சேன். பூனை அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குது, நான் இங்க நல்லா இருக்கறவன் உக்காந்துக்கிட்டு அதோட மருந்தைக் குடிக்கறேன். இனிப்பா இருந்துதுங்க. ரெண்டு பனிக்காலமா அவங்க கையால ஒரு இனிப்பு வாங்கித் தின்னதில்ல. அந்த நேரத்துலயும் இனிப்பா இருக்குதுன்னு நாக்குக்குத் தெரியுது, தூ!

கடைசி வாயை முழுங்கலீங்க. கன்னத்துல அடக்கிக்கிட்டேன். எந்திரிச்சேன். "உக்காருங்க, உக்காருங்க"ன்னு பின்னாலயே வர்றாங்க. வாந்தி எடுக்கப் போறேன்னு நெனச்சாங்களாட்ட இருக்குது. வாயைத் தொறந்தாக் கொட்டீரும், பேச முடியாது. அப்படியே ஓடிப் போயி, கதவைத் தொறந்து, கூடையை மடியில வெச்சு, அது வாயை வெரல்ல வெலக்கிப் புடிச்சு, என்ற வாயில இருந்து சொட்டுச் சொட்டா ஈறுல உட்டேன்.

தலை நிமுந்து பாக்கறேன், வண்டியைச் சுத்தி கோஷ்டி முச்சூடும் நிக்குது. பல் டாக்டர் கையில இன்னொரு டம்ளர். நான் வாயைத் தொடைச்சுக்கிட்டு, "என்ற சம்சாரத்தோட பூனைங்க"ன்னேன்.

ஆமாங்க. அப்பவும் அதைத்தான் சொன்னேன்.

கௌசல்யா மேடம் அந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்து ஏறி உக்காந்து, பூனையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. மிச்சமிருந்த பொடியை வெரல்ல தொட்டு ஈறுல தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. "வண்டியை எடுங்க"ன்னாங்க. எடுத்தேன். பூனை அவங்க மேல மூத்திரம் போனது வாசத்துல தெரிஞ்சுது. பாதி வழியில, "அப்ப உங்களுக்குச் சக்கரை இல்லீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங்க"ன்னேன்.

வரப்போகுது பேச்சு, நம்மளும் ரெண்டு கேக்கோணும், அன்னைக்கு நீங்க அப்படிப் பேசுனதாலதானேன்னு கேக்கோணும்னு மனசுக்குள்ள கோத்து வெச்சுக்கிட்டு வர்றேன்.

"அப்பாடா"ன்னாங்க. "நல்லதுங்க. நான் ஒவ்வொரு வாரமும் பயந்துட்டே இருந்தேன்"னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா நானும் பேசியிருப்பனுங்க. அப்பாடாங்கறவங்ககிட்ட என்னத்தைப் பேசறது? அவங்க ஊட்டுக்காரரு அப்படித்தானுங்க போனாரு. ஒருநா காத்தால சக்கரை எறங்கி, தூக்கம்னு நெனச்சு இவங்க எழுப்பாம உட்டுட்டாங்க. கோஷ்டியில எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு பனிக்காலமும் அந்தப் பச்சைப்பயிறைத் தின்னேன்.

இங்க வந்து சீட்டுப் போடறப்ப, பூனை பேரென்னன்னு கேட்டாங்க. பேருண்டுங்க. ஆனா அந்தம்மா பொறகாலயே நிக்கறாங்க. அவங்க முன்னால அந்தப் பேரை எப்படிங்க சொல்றது? "பேரெல்லாம் இல்லீங்க, பூனைன்னே போட்டுக்குங்க"ன்னுட்டேன். அந்தம்மா அப்பறந்தான் வெளிய போயி நின்னாங்க.

தப்பு யாரு மேலன்னு சொல்லுங்கன்னேன், நீங்க என்னடான்னா நாயைத் தடவீட்டே இருக்கறீங்க.

இருங்க, கூப்பிடறாங்களாட்ட இருக்குது. என்னுங்க டாக்டர்? ஆமாங்க, பூனைதான். என்னுங்க ஆச்சு? ட்ரிப்ஸ் ஏறியும் முழிக்கலையா? பழகுன ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிடோணுமா, காது அசையுதான்னு பாக்கறதுக்கா? பேருதான் இல்லைன்னு... இல்லீங்க, இருக்குது. இருக்குதுங்க. சம்சாரத்துக்குப் போன் போட்டுக் குடுக்கட்டுங்களா, அவதான் வளத்துனவ... இல்ல, வேண்டாம். அவ சத்தத்துக்குத் திரும்பாதுங்க. என்ற சத்தம்தான் அதுக்குப் பழக்கம்.

ஏனுங்க, நீங்களும் சித்த வாங்க. நாயைக் கட்டிப் போட்டுட்டு வாங்க, ஒத்தையில போக முடியல எனக்கு. அந்தம்மாவும் வந்துட்டாங்களா வாசலுக்கு? கதவைச் சாத்தீரலாமுங்களா? வேண்டாம், உடுங்க. தொறந்தே இருக்கட்டும்.

சிறகி.

ஏ சிறகி. சிறகிக்கண்ணு. அப்பன் வந்துருக்கறேன் சாமி. இங்க பாரு, அப்பன்தான். சிறகி!

ஏனுங்க, அசைஞ்சுதுங்களா? கொளத்துக்கு அந்தக் கரையில இருக்கறதெல்லாம் தெரியற கண்ணுங்க, இப்பக் கைக்கெட்டற தூரத்துல இருக்கறது தெரிய மாட்டேங்குது, ஒரே தண்ணியா நிக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க. காது அசையுதுங்களா?